அடுத்த வாசலில் ஒரு சாண்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. பிளஸ் டூவோடு நின்றவன். அமெரிக்காவில், டாலஸ் பக்கத்துப் பிளானோவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. என் மனைவி நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. சர்ச்சில்கூடக் கடைசி வரிசைதான். இந்தப் பெரியவரைப் பற்றி எழுத வேண்டியவர் அவருடைய மகன். அவர் எழுத மாட்டார் என்று தெரிந்ததால் நான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் அந்தக் குடும்பத்துக்கு வருத்தமாக இருக்கும்.

அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. செய்தி வந்தபோது நான் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏற்றி முடித்துவிட்டுத்தான் மனைவியைக் கூப்பிட்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாங்களும் அந்தப் பக்கம்தான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மக்கா என்பார். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். குமரி மாவட்டத்தில் அவர் செயின் இழுக்காத வயல் இல்லை என்று மகன் சொல்வார். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளப் போன வரப்புகளை எல்லாம் அளந்து கல் நட்டுக் கொடுத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதருக்குத் தன் எல்லையில் நிற்கத் தெரியாது.

பிளானோவில் வீடுகளுக்கு முன்புறம் வேலி கிடையாது. உங்கள் புல்லும் பக்கத்து வீட்டுப் புல்லும் ஒன்றாகத்தான் கிடக்கும். யாராவது ஒருவர் வெட்டினால் அன்றைக்கு மட்டும் கோடு தெரியும். மாமா மகன் வீட்டு இலைகளைக் கூட்ட ஆரம்பிப்பார். கோடு வரும். நிற்க மாட்டார். அப்படியே பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, நான்காவதாக எங்கள் வீடு.

"உங்க ஃப்ரெண்டு வந்துட்டாரு, டீ போடட்டுமா?" என்பாள் என் மனைவி ஜன்னலில் இருந்து.

"மாமா, இது எங்க வீட்டு இலை."

"இலைக்குத் தெரியுமா மக்கா அது யாரு வீட்டு இலைன்னு? கோடெல்லாம் எங்க ஆபீஸ் படத்துலதான் கிடக்கும். மண்ணுல நான் ஒருநாளும் பாத்ததில்ல."

குப்பை வண்டி வந்துபோன பிறகு பின்சந்தில் எல்லாருடைய காலித் தொட்டிகளையும் அவரவர் கேரேஜ் ஓரம் இழுத்து வைத்துவிடுவார். சர்ச் சாப்பாடு முடிந்தால் எல்லார் பாத்திரங்களையும் கழுவி, துடைத்து, தப்பான ஆள் கையில் கொடுத்துவிடுவார். எங்கள் குக்கர் மூடி ஒன்று இன்னும் யார் வீட்டிலோ இருக்கிறது.

ஒரு குளிர்காலத்தில் உறைபனி வரும் என்று ஃப்ரீஸ் வார்னிங் வந்தது. இங்கே கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்துப் பிள்ளையைப் போல வளர்ப்போம். ஒரு குளிரில் போய்விடும். அன்று நான் வேலையில் இருந்தேன். மனைவி நைட் ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டுத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் கொல்லைக்குள் மாமா நிற்கிறார். பக்கவாட்டுக் கேட்டைத் திறந்து வந்திருக்கிறார். தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பிள்ளே, இதை எங்க வைக்கணும்?" என்று கேட்டாராம். அவள் கத்திவிட்டாள்.

செடி பிழைத்தது. தெருவில் மற்றவர்கள் செடிகள் எல்லாம் கருகிப்போயின. ஆனால் அதற்குப் பிறகு மனைவி அந்தக் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். பூட்டுகிறபோது, "நல்ல மனுஷன்தான்" என்றாள். "நல்ல மனுஷன்தான், ஆனா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஆனாவுக்குப் பின்னால் வந்ததுதான் போலீஸ். மகன் வீட்டுக்கு எதிர் வரிசையில் புதிதாக ஒரு பெண் குடிவந்தாள். தனியாக இருப்பவள். ஒருநாள் அவளுடைய ஜன்னலுக்குக் கீழே மாமா உட்கார்ந்து களை பிடுங்கியிருக்கிறார். அவள் கதவு கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்துவிட்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மாமா எழுந்து, மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் கண்ணாடியை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். துப்பாக்கி எடுக்கிறாரோ என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் சத்தம் போட்டார். மருமகள் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் ஆகவில்லை. மாமா அவர்கள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

மருமகள்தான் சாப்பிடவில்லை. அவளும் என் மனைவியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. கொஞ்ச நாள் கழித்து அவள் என் மனைவியிடம் சொன்னாள்: "அக்கா, ஒரு சீனியர் அபார்ட்மெண்ட் பாத்துட்டோம். மூணாவது மாடி. புல்லு இல்ல, இலை இல்ல, பக்கத்து வீட்டு வாசல் இல்ல. டோல் ரோட்டுல இருபது நிமிஷம்தான். அடுத்த மாசம் மாத்திடுவோம். லீவுக்கு எல்லாரும் ஜப்பான் போறோம்ல, மாமாகிட்ட அங்க வெச்சு சொல்லலாம்னு இருக்கோம். அங்க கொஞ்சம் ஜாலியா இருப்பாரு, அப்ப சொன்னா ஈஸியா எடுத்துக்குவாரு."

அப்படித்தான் நாங்கள் ஐந்து பேரும் ஜப்பான் போனோம். மகன், மருமகள், மாமா, என் மனைவி, நான். எங்கே போனாலும் அவருக்குத் தெரியாத அந்த விஷயம் மற்ற நான்கு பேரோடும் வந்தது.

கியோட்டோவில் மருமகள் எடுத்தது ஹோட்டல் இல்லை, பழைய மர வீடு. ஒரு கம்பெனி அதை வாடகைக்கு விட்டு நடத்துகிறது. "ஹோட்டல்னா மூணு ரூம், ஆளுக்கு ஒரு மூலை. இங்கன்னா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம், ரசம் வைக்கலாம். பெட்டியை எல்லாம் போட்டுட்டு தினமும் ஒரு ஊருக்கு டிரெயின்ல போயிட்டு வந்துடலாம்" என்றாள். குறுகலான சந்து. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. முகப்பில் ஜன்னல் கம்பி போல மர அழி. உள்ளே போனால் ரயில் பெட்டி போல நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றி ஒரு படி ஏறினால் தரையோடு பதித்த தடித்த பாய். நடுவில் வானம் தெரிகிற மாதிரி ஒரு குட்டித் தோட்டம். ஒரு கல், ஒரு செடி, கொஞ்சம் பாசி. மாடிக்கு ஏணி மாதிரி படி. அறைக்கும் அறைக்கும் நடுவில் காகிதக் கதவு. பூட்டு கிடையாது.

மாமா ஒவ்வொரு கதவாகத் தள்ளித் திறந்துகொண்டே போனார். "இதாக்கும் வீடு" என்றார்.

மகனும் மருமகளும் திண்டாடிப்போனார்கள். அந்த வீட்டில் ஒருவர் கீழே இருமினால் மாடியில் கேட்கும். மாமாவிடம் எப்போது சொல்வது என்று பேசுவதற்கே சந்து முனைக் கடை வரை நடந்து போக வேண்டியிருந்தது. தினமும் சாயங்காலம் "பால் வாங்கிட்டு வரோம்" என்று கிளம்புவார்கள். ஃப்ரிட்ஜ் நிறையப் பால் ஆகிவிட்டது.

"ஒங்க ரெண்டு பேருக்கும் பால் மேல என்னலே இவ்வளவு ஆசை?" என்று மாமா சிரித்தார்.

வந்த மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது முன்கதவு திறந்திருந்தது. உள்வழியில் ஒரு வாரியலும், மரவாளியும், நீண்ட கைப்பிடி போட்ட அகப்பையும் ஆணியில் தொங்கியிருந்ததை முதல் நாளே பார்த்து வைத்திருக்கிறார். எங்கள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, இடது பக்க வீடு, வலது பக்க வீடு, அதற்கும் அப்பால் சந்து முனை வரை முடித்துவிட்டார். கல் தரை ஈரமாகப் பளபளத்தது. வலது பக்க வீட்டில் இருந்து ஒரு வயதான அம்மா வந்தார். குட்டையானவர், ஏப்ரன் கட்டியிருந்தார். குனிந்து குனிந்து நிறையச் சொன்னார். மாமாவும் குனிந்தார்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும். இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் தமிழில்.

அடுத்த நாள் காலை மாமா கதவைத் திறந்தபோது எங்கள் வாசல் ஏற்கெனவே பெருக்கி, தண்ணீர் தெளித்து இருந்தது. முழு வாசலும். அவர் வாரியலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா மக்கா? அந்தம்மா எனக்குப் போட்டிக்கு வாரா!"

அதற்கடுத்த நாள் இன்னும் சீக்கிரம் எழுந்து அவர் முந்திக்கொண்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எனக்கு என்ன தெரியும்.

மற்றவர்கள் பக்கத்து ஊரான நாராவுக்கு மான் பார்க்கப் போன அன்று மாமா வரவில்லை என்றார். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிடுகேன்." மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க கூட இருங்க ப்ளீஸ். தனியா விட்டா தெருவையே கழுவி விட்டுருவாரு." எனக்கும் மான் பார்க்கப் பெரிய ஆசை இல்லை. இருந்தேன்.

குட்டித் தோட்டத்தின் ஓரமாக இரண்டு பேரும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. இருமல் கேட்டது.

"அந்தம்மாக்குச் சளி பிடிச்சிருக்கு, கேட்டியா? நம்ம ரசத்துல ஒரு கிண்ணம் கொண்டு கொடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம் மாமா."

"மிளகு ரசம்டே."

"அவங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ."

"எல்லாத்துக்கும் பயந்துக்கோ நீ" என்றார்.

மத்தியானம் வாசலில் மணி அடித்தது. வீட்டை நடத்துகிற கம்பெனியில் இருந்து ஒரு பெண். சின்ன வயசு. கையில் ஒரு இனிப்புப் பெட்டி. முதலில் வீடு வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள். வெந்நீர் வருகிறதா என்று கேட்டாள். அவளுக்கும் இங்கிலீஷ் கொஞ்சம்தான், எனக்கும் கொஞ்சம்தான். அதனால் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினோம், நன்றாகவே புரிந்தது. கடைசியாகத்தான் வந்த விஷயத்துக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வாசல் தெளிச்சதுக்கு ரொம்ப நன்றியாம் மாமா. ஆனா இந்தத் தெருவுல ஒரு வழக்கம் உண்டாம். அவங்கவங்க வாசலை அவங்கவங்க பெருக்கணும். மத்தவங்க வாசலை முழுசாப் பெருக்கிட்டா, 'நீ உன் வாசலைச் சுத்தமா வெச்சுக்கல'ன்னு சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடுமாம். அந்தம்மா வாங்கின கடனைத் திருப்புற மாதிரி நம்ம வாசலைப் பெருக்கியிருக்காங்க. இப்ப உங்களுக்கு முன்னாடி எழுந்திரிக்கணுமேன்னு இருட்டுலயே எழுந்திரிக்கிறாங்களாம். முட்டு வலியாம்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ" என்றார். "போட்டின்னுல்லா நெனச்சேன்."

அந்தப் பெண் பதறி இரண்டு கைகளையும் ஆட்டினாள். இன்னொன்றும் இருக்கிறது என்றாள். எழுந்து வாசலுக்குப் போனாள். நாங்களும் போனோம். எங்கள் வீடும் அந்த அம்மா வீடும் சேருகிற இடத்தைக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள். இவ்வளவு, என்றாள். பக்கத்து வீட்டுப் பக்கம் இவ்வளவு பெருக்கலாம். பெருக்க வேண்டும். சரியாகக் கோட்டோடு நிறுத்திவிட்டால் அதுவும் மரியாதை இல்லை.

நான் சொன்னதும் மாமா அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தரையில் கையை விரித்து வைத்தார்.

"ஒரு சாண். அதுக்கு மேல நாலு விரல். இவ்வளவா?"

அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்றாள்.

"போலாமா, போணுமா? சரியாக் கேளு மக்கா."

"போணுமாம். போகலேன்னா அதுவும் தப்பாம்."

அவர் கையை எடுக்கவில்லை. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்றுதான். "எத்தனை கல்லு நட்டிருக்கேன்" என்றார். "கல்லுக்கு இந்தப் பக்கம் ஒனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு. முடிஞ்சு. தாண்டி ஒரு சாண் ரெண்டு பேருக்கும் வேணும்னு எவனும் சொல்லித் தரல்லியே."

அந்தப் பெண் போன பிறகும் அவர் உள்ளே வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"மக்கா."

"சொல்லுங்க மாமா."

"அங்க எவ்வளவு?"

"எங்க?"

"பிளானோவுல. கோட்டைத் தாண்டி எவ்வளவு போலாம்?"

எனக்கு அந்த அபார்ட்மெண்டின் ஞாபகம் வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட்.

"அங்க ஒண்ணும் கிடையாது மாமா."

"நாலு விரல்?"

"கிடையாது."

"ஒரு விரல் கூடயா?"

"கிடையாது மாமா."

"அதை ஒருத்தனாவது முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர் எங்கள் வாசலைப் பெருக்கி, இரண்டு பக்கமும் ஒரு சாணும் நாலு விரலும் தாண்டி நிறுத்தினார். வாரியலை அங்கேயே தூக்கிவிடுவார். மறுபக்கம் இருந்து அந்த அம்மாவும் அதே அளவு எங்கள் பக்கம் வந்திருப்பார். அந்தத் துண்டு மட்டும் தினமும் இரண்டு தடவை சுத்தமானது. ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் குனிந்தார்கள். இவர் "சளி எப்படிம்மா?" என்றார். அவர் என்னவோ சொன்னார். அவரவர் உள்ளே போய்விட்டார்கள்.

நான் யாருக்கும் புத்தி சொல்கிறவன் இல்லை. ஆனாலும் ஒருநாள் சாயங்காலம் மகனோடும் மருமகளோடும் நானும் என் மனைவியும் பால் வாங்கப் போனோம். கடை வாசலில் நின்று மகனிடம் சொன்னேன்.

"மாமா சொன்னா கேக்குறாருப்பா. அளவு சொன்னா நிக்கிறாரு."

மகன் கையில் இருந்த பால் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க நிக்கிறாரு அண்ணா. இங்க ஒரு சாண் விட்டிருக்காங்க. நம்ம தெருவுல யாரு விடுவா?"

மருமகள், "நான் கெட்டவ ஆயிட்டேன்ல அண்ணா?" என்றாள்.

"அப்படி இல்லம்மா."

"அன்னைக்கு அவரு பாக்கெட்ல கை விட்டாருல்ல, அதை நீங்க பாக்கலை. நான் பாத்தேன். டெய்லி பாக்குறேன். டியூட்டில ஐ.வி. போடும்போதுகூட வருது. அவரு கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, உயிரோட கோவிச்சுக்கட்டும்."

என் மனைவி அவள் முதுகில் கை வைத்தாள். பாலோடு வீட்டுக்கு வந்தோம்.

கடைசி நாள் சாயங்காலம் சொன்னார்கள். தாழ்ந்த மேஜையைச் சுற்றி எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இருவரும் எழுந்து மாடிக்குப் போகப் பார்த்தோம். மாமாதான், "எங்க போறிய? மேல போனாலும் கேக்கத்தான் செய்யும், இருங்க" என்றார். ஏதோ வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மகன் சொன்னார். அபார்ட்மெண்டைப் பற்றி, கீழே இருக்கிற நூலகத்தைப் பற்றி, அங்கே இருக்கிற இன்னொரு தமிழ் அங்கிளைப் பற்றி, ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு வந்து கூட்டிப்போவதைப் பற்றி.

மாமா கடைசி வரை கேட்டார்.

"பால்கனி உண்டா?"

"இருக்குப்பா. சின்னது."

"பக்கத்து பால்கனி ஒட்டியா இருக்கும்?"

மகன் மருமகளைப் பார்த்தார். "இல்லப்பா. நடுவுல சுவர் இருக்கு."

"அப்பம் செரி" என்றார். "நல்லதுதான்." பிறகு மருமகளைப் பார்த்து, "நீ அழாத பிள்ளே. போலீஸ் வந்தன்னைக்கே நான் ஊருக்குப் போறேன்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல்ல" என்றார். அவள் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டாள். அங்கேயும் கதவு காகிதம்தான். எல்லாம் கேட்டது.

மறுநாள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு டாலஸுக்கு விமானம் ஏறினோம். எனக்கும் மாமாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருந்தது. நான் அதை அவருக்கென்று விட்டிருந்தேன். அவர் அதில் கை வைக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு டாலஸ் வரை அப்படியே உட்கார்ந்து வந்தார்.